படம் கேட்ட லாத்தா

எங்கள் கொட்டகையில் ஓடிய படங்களில் லாத்தாவுக்குத் தெரியாத படம் கிடையாது. ஒரு படத்தையாவது அவர் பார்த்ததும் கிடையாது. கொட்டகைக்குப் பின்னால் ஒரு சந்து, சந்தைத் தாண்டினால் அவர் வீட்டுக் கொல்லை. அந்தி நேரத்து மஃரிப் தொழுகையை முடித்துக்கொண்டு கொல்லைப்படியில் வந்து உட்காருவார். மடியில் பனையோலை இருக்கும். முதல் ஆட்டம் முடிகிற வரைக்கும் கை பெட்டி முடையும், காது படம் கேட்கும்.

லாத்தா என்றால் அந்த ஊர் முஸ்லிம் வீடுகளில் அக்கா. அவருக்கு ஒரு பெயர் இருந்தது. நான் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை, இப்போது எழுதவும் மனம் வரவில்லை.

"எங்கள் கொட்டகை" என்று வாய் கூசாமல் சொல்கிறேனே தவிர, அது உள்பக்கத்து நிலக்காரர் ஒருவருக்குச் சொந்தம். சுதந்திரம் வந்த புதிதில், நெல்லில் சம்பாதித்ததைச் சினிமாவில் போட்டுப் பார்க்கலாம் என்று அவருக்கு யாரோ ஆசை காட்டியிருக்கிறார்கள். திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கடலோரத்து ஊர் ஒன்றில் கீற்றுக் கொட்டகை போட்டார். என் வீட்டுக்காரர் அதற்கு மேனேஜர். மேனேஜர் என்றதும் மேஜை நாற்காலி என்று நினைத்து என்னைக் கட்டிக்கொடுத்துவிட்டார் என் அய்யா. டிக்கெட் கிழிக்கிற ஆள் வராத நாளில் டிக்கெட் கிழிப்பது, எஞ்சின் படுத்துக்கொண்டால் அதோடு மல்லுக்கட்டுவது, மதுரையிலிருந்து படப்பெட்டி வந்து சேராத நாளில் உப்பூரிலிருந்து வண்டி கட்டி வந்தவர்களிடம் ஏச்சு வாங்குவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் மேனேஜர் வேலை என்பது வந்த பிறகுதான் தெரிந்தது.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்துக்காரி. கல்யாணத்துக்குப் பிறகுதான் கடலைப் பார்த்தேன், பார்த்ததும் பிடிக்கவில்லை. கிணற்றுத் தண்ணீர் உப்பு. காற்று ஓயாது. சாயங்காலம் ஊரெல்லாம் விளக்கு வைக்கிற நேரத்தில் இவர் கொட்டகைக்குப் போய்விடுவார். கொட்டகையை ஒட்டி முதலாளி கட்டிக்கொடுத்த ஒற்றை அறை வீட்டில் நான் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். பேச்சுத் துணைக்கு ஒரு பூனை கூட இல்லை. அப்படி ஒரு மத்தியானத்தில்தான் சந்துக்கு அந்தப்பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

"மேனேசரு வீட்டுப் புள்ள! இங்கன கொஞ்சம் வா."

போனேன். வெளுத்த முகம், நாற்பதை நெருங்கிய வயது, தலையில் முக்காடு. கொல்லைக் கதவைப் பாதி திறந்து வைத்துக்கொண்டு நின்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை விசாரிக்கவில்லை.

"நாளைக்கு மாத்துறாகளாமே. யாரு வாராக?"

எனக்கு விளங்கவில்லை. "யாரும் வரலீங்க. ஊர்ல இருந்து என் தம்பி தை மாசம் வாரேன்னான்" என்றேன்.

லாத்தா சிரித்துவிட்டார். "அதில்ல. நேத்துவரைக்கும் இருந்தாகள்ல, அந்தக் கரகரத் தொண்டைக்காரரு, மூக்கால பேசுற பொண்ணு, அவுகல்லாம் இன்னைக்கோட போயிருவாகள்ல? அடுத்து யாரு வாராகன்னு கேட்டேன்."

அதுதான் லாத்தா. ஊருக்கெல்லாம் படம் மாறும். அவருக்கு வீட்டுக்கு வந்தவர்கள் போய், வேறே மனிதர்கள் வருவார்கள். நல்ல படம் கூட்டம் சேர்ந்து இன்னும் சில நாள் ஓடினால், "இருந்துட்டுப் போகட்டும், அப்படி என்ன அவசரம்" என்பார். படப்பெட்டி ஏறிப் போன மறுநாள் முகம் வாடிக் கிடப்பார். என்னைக் கூப்பிட்ட அந்த நாளிலிருந்து, அடுத்து வருவது என்ன படம், யார் யார் நடித்தது என்று வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போய் லாத்தாவிடம் சொல்வது என் வேலையாகிவிட்டது. சுவரொட்டி ஒட்டுவதற்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "இந்த ஊர்லயே முதல்ல தெரிஞ்ச ஆளு நாந்தான்" என்று அதில் ஒரு பெருமை.

அந்த வீட்டின் முன்பக்கத்தில் அவருடைய கொழுந்தன் தன் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருந்தார். கடைத்தெருவில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், நல்ல மனிதர். பின்கட்டு லாத்தாவுக்கு. சாப்பாட்டுக்குக் குறைவில்லை, மரியாதைக்கும் குறைவில்லை. ஆனால் முன்கட்டுச் சிரிப்பு முன்கட்டோடு நின்றுவிடும். நடுவில் இருந்த கதவை யாரும் பூட்டவில்லை, ஆனாலும் அது பெரும்பாலும் சாத்தியே கிடக்கும்.

சினிமா பார்ப்பது அந்த வீட்டுப் பெண்களுக்கு வழக்கமில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லையே என்பது லாத்தாவின் கட்சி. அதற்கும் அவரே ஒரு ஒழுங்கு வைத்திருந்தார். பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற நேரத்தில் எங்கள் ஆட்கள் ஒலிபெருக்கியில் பாட்டை நிறுத்துவார்கள், நிறுத்தச் சற்றே தாமதித்தாலும் மறுநாள் எனக்குத் திட்டு விழும். நோன்பு மாதத்தில் கொல்லைக் கதவைத் திறக்கவே மாட்டார். "காதும்தான் நோன்பு பிடிக்கட்டுமே" என்பார். பெருநாள் கழிந்த அன்றைக்கு, விட்டதையெல்லாம் பிடிக்கிற வேகத்தோடு படியில் வந்து உட்காருவார்.

குரலை வைத்தே அவர் ஆளைச் செய்துவிடுவார். "இந்த ஆளு ஒசரம், கறுப்பு, எங்க வாப்பா மாதிரி" என்று ஒரு நடிகரைச் சொன்னார். அந்த நடிகர் குள்ளம், பவுடர் அப்பிய பூசணி மூஞ்சி. எனக்குச் சொல்ல வாய் வரவில்லை. வில்லன் பேச ஆரம்பித்தால் பெட்டி முடைகிற கை நின்றுவிடும். "பாவிப் பய, அந்தப் பொண்ணு தனியா இருக்கான்னு தெரிஞ்சே வாரான் பாரு" என்று சந்துக்குக் கேட்கிற மாதிரி திட்டுவார். கதவு திறக்கும் சத்தம், செருப்புச் சத்தம், பாத்திரம் விழும் சத்தம், எதையும் விடமாட்டார். சத்தத்துக்கு நடுவில் இருக்கிற இடைவெளியை அவராகவே நிரப்பிக்கொள்வார்.

அப்படி நிரப்பியதில் வந்த கூத்துகள் கொஞ்சநஞ்சமல்ல. ஒரு படத்துக்குக் கைக்குழந்தையோடு வந்த ஒருத்தி, பெண்கள் பக்கத்தில் திரைக்கு முன்னாலேயே மணலில் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை ஆட்டம் முடிகிறவரை விட்டு விட்டு அழுதுகொண்டே இருந்தது. மறுநாள் லாத்தா என்னை அவசரமாகக் கூப்பிட்டனுப்பினார்.

"அந்தப் புள்ளை யாரு புள்ளை?"

"எந்தப் புள்ளை லாத்தா?"

"கதாநாயகி எங்க போனாலும் கூடவே அழுகுதே. காலேஜுக்குப் போனாலும் அழுகுது, தோட்டத்துல பாட்டுப் பாடுறப்பவும் அழுகுது."

"அவளுக்குக் கல்யாணமே ஆகலையே லாத்தா."

"அதான் நானும் ராத்திரியெல்லாம் யோசிச்சேன்" என்றார் முகத்தைத் தீவிரமாக வைத்துக்கொண்டு. "ஊருக்குத் தெரியாம எங்கயோ பெத்துட்டா. அந்தப் பய ஏமாத்திட்டான்."

நான் சிரித்துச் சிரித்துச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். விஷயத்தைச் சொன்னதும் லாத்தாவும் சிரித்தார், ஆனால் குழந்தையை விட்டுவிட அவருக்கு மனமில்லை. அக்கம்பக்கத்துப் பெண்கள் மத்தியானம் கொல்லையில் கூடும்போது அந்தக் கதையைக் குழந்தையோடுதான் சொன்னார். சினிமாவுக்குப் போகிற வழக்கமில்லாத வீட்டுப் பெண்கள் அவர்கள். லாத்தா சொல்வதுதான் அவர்களுக்குப் படம். காசு கொடுத்துப் படம் பார்த்த மீன்காரப் பெண்கள் இரண்டு பேர்கூடக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நாங்க பாத்ததைவிட இது நல்லா இருக்கே" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

கொட்டகையில் படம் மட்டுமா நடந்தது. கட்சிக்காரர்கள் கூட்டம் போடுவார்கள், நாடகக்காரர்கள் வருவார்கள், மழைக்காலத்தில் ஒரு கல்யாணமே அதற்குள் நடந்தது. எல்லாமே லாத்தாவுக்கு வரும். பெரிய பேச்சாளர் ஒருவர் வந்து தொண்டை கட்டப் பேசிய அன்று, "அந்த மனுசனுக்கு யாராச்சும் சுக்குத்தண்ணி குடுங்களேன்" என்று ஆள் விட்டார். மேஜிக் ஷோ நடந்தபோதுதான் பாவமாகப் போய்விட்டது. திடீரென்று கை தட்டுவார்கள், பிறகு அமைதி, மறுபடி கை தட்டு. "என்னதான் செய்றான் அந்த ஆளு?" என்று தவித்துப் போனார். புறாவைத் தொப்பியிலிருந்து எடுக்கிறான் என்று நான் போய்ச் சொல்வதற்குள் அடுத்த கை தட்டு வந்துவிடும். அந்த ஷோ நடந்த இரண்டு நாளும் அவர் காதுக்குப் பட்டினிதான்.

எல்லாம் சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் படம் முடிந்து சனங்கள் சந்து வழியாகக் கலைந்து போன பிறகு, கொல்லையில் அவர் மட்டும் இருப்பதை என் ஜன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். உடனே எழுந்து போகமாட்டார். முடைந்த பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கூப்பிட்டால் சிரித்த முகத்தோடு திரும்புவார் என்பதனாலேயே நான் கூப்பிடமாட்டேன்.

அவருக்குக் கணவர் இருந்தார். கொழும்பில் வியாபாரம். கல்யாணமான சில வருஷங்கள், கப்பல் ஏறிப் போவதும் வருவதுமாகத்தான் இருந்தாராம். பிள்ளை இல்லை. கடைசியாக வந்து புறப்பட்ட அன்று ஏதோ ஒரு சின்னப் பேச்சு வளர்ந்து சண்டையாகிவிட்டது. லாத்தா அதை எனக்கு ஒரே ஒருமுறை சொன்னார்.

"என்னையும் கூட்டிட்டுப் போங்கன்னேன். அங்கன உனக்கு என்ன வேலைன்னாக. எனக்கு எங்கிருந்துதான் அந்த வாயி வந்துச்சோ, உங்களுக்குக் கொழும்புதான் பொண்டாட்டி, அங்கயே கெடங்கன்னுட்டேன். அவுக ஒண்ணும் பேசல. பேசாம போயிட்டாக."

அதோடு சரி. பிறகு பாஸ்போர்ட், விசா என்று கெடுபிடிகள் வந்தன. போக்குவரத்து குறைந்தது. மற்றவர்கள் வந்து போய்க்கொண்டுதான் இருந்தார்கள், அவர் வரவில்லை. கடிதமும் இல்லை. இறந்துபோயிருப்பாரோ என்று ஊரில் சிலர் வாய்க்குள் பேசிக்கொண்டார்கள். லாத்தா அதை ஒப்புக்கொள்ளவே இல்லை.

"மவுத்தாகியிருந்தா செய்தி வராதா? அழுகைச் சத்தம் கேக்காதா? எங்க மச்சான் ரோசக்காரரு. எம்மேல கோவம். அம்புட்டுத்தான். தீந்தா வருவாக."

இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இருந்ததே தவிர சந்தேகம் இருந்ததில்லை. ஏர்வாடி தர்காவுக்குச் சந்தனக்கூடு சமயத்தில் வருஷம் தவறாமல் போய்வருவார். மச்சான் கோபம் தீர வேண்டும் என்பதுதான் அங்கே அவர் வைத்த ஒரே நேர்ச்சை. அவர் தன்னை மறந்துவிட்டார் என்று நினைப்பதைக் காட்டிலும், தன் மேல் கோபமாக இருக்கிறார் என்று நினைப்பது அவருக்குத் தாங்கக்கூடியதாக இருந்தது. கோபப்படுகிறவர் நினைத்துக்கொண்டாவது இருக்கிறாரே.

எங்கள் கொட்டகைக்குத் திரும்பத் திரும்ப வந்த பழைய படம் ஒன்று உண்டு. புதுப் பெட்டி கிடைக்காத நேரத்தில் அதைத்தான் கொண்டுவந்து ஓட்டுவார்கள். பிழைக்கப்போன மகனுக்காகக் காத்திருக்கிற தாயின் கதை. கடைசிப் பகுதியில் தாய் இறந்துபோகிறாள். அந்தக் காலத்துப் படங்களில் யாராவது இறந்தால் வயலின் ஊரைக் கூட்டிவிடும். இந்தப் படத்தை எடுத்தவர் என்ன நினைத்தாரோ, அந்த இடத்தில் ஒரு சத்தமும் வைக்கவில்லை. கட்டிலில் படுத்திருப்பாள், கை சரியும், பக்கத்து வீட்டுக்காரி வந்து பார்த்துச் சேலையை முகம்வரை இழுத்து மூடுவாள். அவ்வளவுதான். அப்புறம் மகன் வந்து ஒரு பாட்டுப் பாடுவான், படம் முடிந்துவிடும்.

லாத்தாவின் கொல்லையில் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்தது. தாய்க்கு மகன் மேல் கோபம். பேச்சை நிறுத்திவிட்டாள். மகன் வந்து உருகி உருகிப் பாடுகிறான், அதில் அவள் மனசு இறங்கிவிடுகிறது. "செத்திருந்தா யாராச்சும் அழுதிருப்பாகள்ல? ஒரு சத்தம் இல்லையே" என்பார். கேட்டுக்கொண்டிருந்த பெண்களுக்கு நிம்மதியாக இருக்கும். நான் அந்தப் படத்தைப் பார்த்தவள். இருந்தாலும் படம் எடுத்தவர் முடித்ததைவிட லாத்தா முடித்தது எனக்குப் பிடித்திருந்தது.

ஒரு வருஷம் ஊரில் பெண்பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடத்துக்குக் கூரை போய்விட்டது. கூரை போட ஒரு உதவிக் காட்சி நடத்தலாம், அதைப் பெண்களுக்கு மட்டும் பகலில் நடத்தலாம் என்று பேச்சு வந்தது. ஊர்ப் பெரியவர்கள் இழுத்தடித்துக் கடைசியில் சம்மதித்தார்கள், நிபந்தனைகளோடு. அந்தப் பக்கம் ஆண்கள் நடமாடக் கூடாது. ஆட்டம் பாட்டம் உள்ள படம் கூடாது. ஆகவே அந்தத் தாய்ப் படம்தான் என்று முடிவாயிற்று. கீற்றுக் கொட்டகையில் பகலில் படம் தெரியாதே என்று என் வீட்டுக்காரர் தலையைச் சொறிந்தார். தோணிக்காரர்கள் பாய்களை அவிழ்த்துக் கொடுத்தார்கள். கொட்டகையைச் சுற்றிலும் கூரைமேலும் தோணிப் பாய்களைக் கட்டி இருட்டாக்கினார்கள். உள்ளே நுழைந்தால் கருவாடும் தாரும் கலந்த வாடை தூக்கியடித்தது.

படம் ஓட்டுகிற ஆபரேட்டர் ஆண்தானே என்று ஒரு கிழவி கிளப்பிவிட்டார். "அவன் கண்ணைக் கட்டி விடுங்க" என்றார். கண்ணைக் கட்டிக்கொண்டு எப்படிப் படம் ஓட்டுவது என்று ஆபரேட்டர் அழாத குறை. அவரை அறைக்குள் விட்டு வெளியே பூட்டுப் போட்டு, சாவியை அந்தக் கிழவியிடமே கொடுத்த பிறகுதான் பெண்கள் உள்ளே வந்தார்கள்.

லாத்தா வருவாரோ மாட்டாரோ என்று இருந்தேன். படத்தின் பெயரைச் சொன்னதும் அவரே, "நான் வாரேன். எத்தனை வருசப் பழக்கம், மொகத்தைப் பாத்துருவோமே" என்றார். பெருநாளுக்கு உடுத்துகிற சேலையை உடுத்திக்கொண்டு, வெள்ளைத் துப்பட்டியால் போர்த்திக்கொண்டு வந்தார். கழுத்தில், அவர்களுக்குத் தாலியான கருகமணி புதிதாகக் கோத்த மாதிரி மின்னியது.

படம் ஆரம்பித்தது. மகன் வந்து பேசியதும் லாத்தா என் முழங்கையைப் பிடித்தார்.

"யாரு இவன்?"

"இவன்தான் லாத்தா மகன்."

"இவனா? இந்தக் கொரலுக்கு இந்த மூஞ்சியா?"

கொஞ்ச நேரம் பார்த்தார். திரையில் இருந்தவர்கள் யாரும் அவருக்குத் தெரிந்தவர்களாக இல்லை. "ஒருத்தரையும் அடையாளம் தெரியல தங்கச்சி" என்று சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். மூடியதும் முகம் தெளிந்தது. உதடு கூடவே வசனம் சொல்லியது. அவருடைய ஆட்கள் வந்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். சுற்றிலும் பெண்கள் வாயைப் பிளந்து திரையைப் பார்க்க, அவர் மட்டும் கண்ணை மூடிக்கொண்டு படம் கேட்டார்.

அந்தக் கட்டில் காட்சி வந்தது. லாத்தாதான் பார்க்கவில்லையே என்று நான் சும்மா இருந்தேன். ஆனால் சத்தம் நின்றதும் அவர் கண்ணைத் திறந்துவிட்டார். அந்த இடத்தில் என்னதான் நடக்கிறது என்று பார்க்கத் தோன்றியிருக்கும். கை சரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி சேலையை இழுத்து முகத்தை மூடினாள். கொட்டகையில் எஞ்சின் சத்தமும் பாய் காற்றில் படபடப்பதும்தான் கேட்டது.

"மொகத்தை மூடுறா" என்றார் லாத்தா. "ஏன் மூடுறா?"

மகன் வந்து பாடினான், பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். லாத்தா பிறகு கண்ணை மூடவில்லை. படம் முடிந்து கூட்டத்தோடு வெளியே வந்தபோது துப்பட்டியை நன்றாக இழுத்துவிட்டுக்கொண்டு, எனக்கு முன்னால் சந்துக்கு அந்தப்பக்கம் போய்விட்டார்.

இரண்டு நாள் கொல்லைக் கதவு திறக்கவில்லை. அடுத்த படத்தின் விவரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு நானே போய்த் தட்டினேன். பின்கட்டு அறையில் திரை கட்டியிருந்தது. உள்ளே வெள்ளைச் சேலையில் லாத்தா உட்கார்ந்திருந்தார். கழுத்தில் கருகமணி இல்லை.

கணவர் இறந்தால் அவர்கள் நாலு மாதம் பத்து நாள் அப்படி ஒதுங்கி உட்கார்வார்கள். இத்தா என்பார்கள். வெளியே வரமாட்டார்கள், நகை போடமாட்டார்கள், அந்நிய ஆண்கள் கண்ணில் படமாட்டார்கள்.

"செய்தி வந்துச்சா லாத்தா?" என்றேன்.

"வரல. செத்தா அழுகைச் சத்தம் கேக்கும்னு நெனச்சுக்கிட்டே இருந்துட்டேன் தங்கச்சி. சத்தமே இல்லாமலும் முடிஞ்சிருமாம்ல." அவர் அழுதுகொண்டிருந்தார், ஆனால் முகத்தில் என்னவோ ஒரு பாரம் இறங்கியிருந்தது. "இத்தனை வருசமா எம்மேல கோவம்னு நெனச்சேன். கோவமே இல்ல. மவுத்தாயிட்டாக. பாவம், கடைசி நேரத்துல யாரு வாயில தண்ணி விட்டாகளோ. நான் இங்கன படம் கேட்டுக்கிட்டு உக்காந்திருந்தேன்."

வீடு ரெண்டுபட்டது. மரணச் செய்தி வராமல் இத்தா கிடையாது என்று பள்ளிவாசல் ஹஜ்ரத் சொல்லியனுப்பினார். கொழுந்தன் திரைக்கு வெளியே நின்று கெஞ்சினார், கோபப்பட்டார். சினிமாவைப் பார்த்துவிட்டு ஒருத்தி தாலியறுத்தாள் என்று ஊர் சிரிக்கும் என்றார். லாத்தா யாரோடும் வாதாடவில்லை. எழுந்திருக்கவும் இல்லை. மத்தியானக் கதைக்கு வந்த பெண்கள் வாசலோடு திரும்பினார்கள். நான் மட்டும் போய்வருவேன். படத்தைப் பற்றி நான் பேசவில்லை, அவரும் கேட்கவில்லை. குர்ஆன் ஓதுவார், ஓதி முடித்துவிட்டுக் கணவரைப் பற்றிச் சொல்வார். அவருக்கு என்ன குழம்பு பிடிக்கும், எப்படிச் சிரிப்பார் என்று. கோபத்தை எடுத்துவிட்டுப் பார்த்ததில் அவருக்குப் புதிதாக ஒரு புருஷன் கிடைத்திருந்தார். முதல் மூன்று மாதமும் அவர் அழுதார், ஆனால் நான் பார்த்த காலத்திலேயே அப்போதுதான் தனியாக இல்லாதவரைப் போல இருந்தார்.

கொழுந்தன் சும்மா இருக்கவில்லை. தலைமன்னார்க் கப்பலில் போகிற வருகிற ஆட்களிடமெல்லாம் சொல்லி விசாரித்திருக்கிறார். ஒருநாள் காலையில் நான் லாத்தாவோடு இருக்கும்போது நடுக்கதவைத் திறந்துகொண்டு வந்து திரைக்கு வெளியே நின்றார்.

"மதினி, செய்தி வந்துருச்சு. காக்கா உசுரோட இருக்காக." காக்கா என்றால் அவர்களுக்கு அண்ணன்.

கொழுந்தன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கொழும்புக்கு அந்தாண்ட குருநாகல்ல கடை வச்சிருக்காக. அங்கன ஒரு குடும்பம் இருக்கு மதினி. புள்ளைக இருக்கு."

"சொகமா இருக்காகளா?"

"சொகமா இருக்காக."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார் லாத்தா. பிறகு, "எம்மேல இன்னும் கோவமா இருக்காகளாமா தம்பி?" என்று கேட்டார்.

கொழுந்தன் நல்லவர் என்றேனே, அவருக்குப் பொய் சொல்லத் தெரியவில்லை. "கோவமெல்லாம் ஒண்ணும் இல்லையாம் மதினி. உங்களப் பத்திப் பேச்சே எடுக்கலையாம்."

லாத்தா என் கையைப் பிடித்திருந்தார். பிடி இறுகவில்லை, தளர்ந்தது. அந்தக் கையைப் பிடித்தபடியே நான் அழுதேன். திரைக்கு வெளியே கொழுந்தன் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

"எந்திரிங்க மதினி. வெள்ளையை மாத்துங்க. ஆளு உசுரோட இருக்கும்போது இப்படி உக்காந்திருந்தா பாவம். யாருக்கு இந்த இத்தா?"

"அவுக நல்லா இருக்கட்டும் தம்பி. நான் அவுகளுக்கு இத்தா இருக்கல" என்றார் லாத்தா. "எனக்கு ஒரு புருசன் இருந்தாக. எம்மேல கோவமா இருந்தாக. அவுகளுக்கு இருக்கேன்."

கொழுந்தன் கதவை மெல்லச் சாத்திக்கொண்டு போனார். இத்தாவில் நாட்கள் இன்னும் பாக்கி இருந்தன. ஊரும் ஹஜ்ரத்தும் என்ன சொல்லியும் கேட்காமல், ஒரு நாள்கூடக் குறைக்காமல், லாத்தா அதை இருந்து முடித்தார்.